நட்டால் பல வருடம் பூக்கும் செடிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சிக்குப் பக்கத்தில் ஒன்றரை சென்ட் கொல்லையில் பதினெட்டு வருடமாகப் பூச்செடி வளர்க்கிறேன். சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் உதவும் என்று தோன்றியது. செண்டுமல்லி, கோழிக்கொண்டை போல ஒரு பருவத்தோடு முடிந்துவிடும் செடிகள் இதில் இல்லை. ஒரு முறை நட்டால் வருடக்கணக்கில் வீட்டோடு இருக்கும் செடிகள் மட்டும்தான்.

புது வீடு. சுற்றுச்சுவர் ஓரமாக மூன்றடி அகல இடம் இருக்கிறது. எதில் தொடங்கலாம்?

ஒரு நந்தியாவட்டை, ஒரு செம்பருத்தி, ஒரு குண்டுமல்லி. முதல் வருடத்துக்கு இந்த மூன்றும் போதும். நந்தியாவட்டை பாதி நிழலிலும் பூக்கும், ஆடுமாடு அதை அவ்வளவாகத் தொடாது. செம்பருத்தி நட்ட சில மாதத்திலேயே பூத்து மனதுக்குத் தெம்பு தரும். மல்லிக்கு மட்டும் வெயில் நன்றாக விழும் மூலையை ஒதுக்குங்கள்.

முதல் நாளே நர்சரியிலிருந்து இருபது தொட்டி வாங்கி வருபவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கும். எந்த மூலையில் எத்தனை மணி நேரம் வெயில், மழைத் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று ஒரு வருடம் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகு மற்றவற்றை வாங்கலாம்.

மண்ணில் கட்டட இடிபாடு கிடக்கிறது. அப்படியே நடலாமா?

நடக் கூடாது. புது வீட்டுத் தோட்டம் கெட்டுப்போவதற்கு நான் பார்த்தவரை முதல் காரணம் இதுதான். சுவர் ஓரத்து மண்ணில் சிமென்ட் கலவையும் சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்திருக்கும். அந்தக் காரத்தன்மையில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. செடி வெளுத்துக்கொண்டே போகும், நாம் உரத்தைக் கொட்டிக்கொண்டே இருப்போம்.

ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம் வைத்துக் குழி எடுங்கள். வந்த மண்ணை அப்புறப்படுத்திவிட்டு, செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, ஆற்று மணல் அரைப் பங்கு கலந்து நிரப்புங்கள். இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் சேர்க்கலாம். பச்சைச் சாணியைப் போடாதீர்கள். அது மக்கும்போது சூடு கிளம்பி வேர் வெந்துபோகும். குழியை நிரப்பித் தண்ணீர் விட்டு, ஒரு வாரம் மண் படிந்த பிறகு நடுங்கள்.

எந்த மாதத்தில் நட்டால் பிழைக்கும்?

ஆடியிலிருந்து ஐப்பசி வரை. வெயில் தணிந்து காற்றில் ஈரம் இருக்கும், அடுத்து வடகிழக்குப் பருவமழை வந்து வேர் பிடிக்க வைத்துவிடும். பங்குனி, சித்திரையில் நட்டால் தண்ணீர் ஊற்றி மாளாது.

மல்லிகை கொடி கொடியாக ஓடுகிறது, இலையும் பச்சைப் பசேலென்று இருக்கிறது. பூ மட்டும் இல்லை. ஏன்?

என்னிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். பெரும்பாலும் விடை ஒன்றேதான்: செடியை வெட்டவில்லை.

குண்டுமல்லி புதுத் துளிரில்தான் மொட்டு வைக்கும். பழைய கிளை எவ்வளவு நீளமாக ஓடினாலும் அதில் இலைதான் மிஞ்சும். அதனால் நவம்பர் கடைசி வாரம், அதாவது கார்த்திகை முதல் பாதியில், செடியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். வெட்டுவதற்கு முன்பு சில நாள் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த குச்சி, ஒல்லிக் குச்சி, உள்பக்கமாக வளர்ந்து பின்னிக்கொண்ட கிளை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மீதி இருக்கும் இலைகளையும் உருவிவிடுங்கள். பிறகு செடியைச் சுற்றி ஒரு அடி தள்ளி மண்ணைக் கொத்தி, தொழு உரம் போட்டு, தண்ணீர் விடுங்கள்.

முதல் தடவை செய்யும்போது கை வராது. எங்கள் அத்தை வீட்டு மல்லியை நான் வெட்டியபோது அத்தை வாசலில் நின்றுகொண்டு, "போதும்டா, செத்துடப் போகுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மாசி பிறந்ததும் வெட்டிய இடத்துக்கெல்லாம் கீழே துளிர் வந்தது. பங்குனியில் ஒவ்வொரு துளிர் முனையிலும் மூன்று மொட்டு. அந்தக் கோடை முழுவதும் அத்தை வீட்டில் பூ வாங்கவே இல்லை.

வெட்டியும் பூக்கவில்லை என்றால் வெயிலைப் பாருங்கள். நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் இல்லாத இடத்தில் மல்லி இலையாகத்தான் வளரும். அதற்கும் அடுத்த காரணம் யூரியா. தழைச்சத்து அதிகமானால் கொடி கொழுக்கும், மொட்டு குறையும். அதை நிறுத்திவிட்டுக் கடலைப் புண்ணாக்கும் வேப்பம் புண்ணாக்கும் ஊறவைத்த தண்ணீரை நன்றாக நீர்த்து, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை கொடுத்தால் போதும். ஒரு சுற்றுப் பூ முடிந்ததும் ஒவ்வொரு கிளையிலும் நுனியை நான்கு விரல் அளவு கிள்ளிவிடுங்கள். அடுத்த சுற்று சீக்கிரம் வரும்.

முல்லை, பிச்சிக்கும் கார்த்திகையில்தான் வெட்ட வேண்டுமா?

இல்லை. கார்த்திகையில் மல்லி, மார்கழி நடுவில் பிச்சி, தை நடுவில் முல்லை என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிச்சி என்று நான் சொல்வது சில ஊரில் ஜாதிமல்லி என்று அழைக்கப்படும், மொட்டின் அடிப்பக்கம் இளஞ்சிவப்பாக இருக்கும் கொடி. மூன்றுக்கும் வெட்டும் உயரம் ஒன்றரை அடிதான்.

மதுரை மல்லி எங்கள் ஊரில் வருமா?

வரும். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கனத்த இதழ், நீண்ட நேரம் நிற்கும் மணம், மெதுவாக மலர்வது ஆகியவை அதன் அடையாளம். ஆனால் செடி குண்டுமல்லிதான். தமிழ்நாட்டில் நடப்படும் மல்லிக் கன்றுகளில் பெரும்பகுதி ராமநாதபுரம் மாவட்டத்தில், தங்கச்சிமடம் பக்கத்து மணல் கலந்த மண்ணில் பதியன் போட்டு எடுக்கப்படுபவை. நர்சரியில் "ராமநாதபுரம் குண்டுமல்லி" என்று கேட்டால் கொடுப்பார்கள். உங்கள் மண்ணும் வெயிலும் எப்படியோ அப்படித்தான் மணமும் இருக்கும்.

மல்லி மொட்டு ஊதா நிறமாக மாறி, மலராமலே உதிர்கிறது.

அது மொட்டு ஈ. அதன் புழு மொட்டின் அடியில் இருந்து தின்னும். மொட்டில் ஓட்டை விழுந்து, பக்கத்து மொட்டுகள் நூலாம்படையில் ஒட்டிக்கொண்டிருந்தால் அது மொட்டுப்புழு. இரண்டுக்கும் வீட்டு அளவில் ஒரே வழிதான்: கெட்ட மொட்டுகளைத் தினமும் பறித்துக் கொதிநீரில் போடுங்கள், செடியடியில் உதிர்ந்து கிடப்பதைக் கூட்டி அள்ளுங்கள், மண்ணை மேலாகக் கொத்திவிடுங்கள். கூட்டுப்புழுக்கள் மண்ணில்தான் கிடக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில சொட்டு காதி சோப்புக் கரைசல் சேர்த்து, சாயங்காலம் தெளிக்கலாம். தலையில் வைக்கும் பூ என்பதால் கடைப் பூச்சிமருந்து பக்கமே நான் போவதில்லை.

செம்பருத்தி முழுக்க வெள்ளை மாவு போல அப்பிக்கொண்டிருக்கிறது. பிடுங்கிப் போட்டுவிடலாமா?

பிடுங்க வேண்டாம். அது மாவுப்பூச்சி. சாற்றை உறிஞ்சி நுனியைச் சுருட்டிவிடும்.

முதலில் எறும்பைக் கவனியுங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காத்து, ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். எறும்பு ஏறும் வழியை அடைக்காமல் என்ன தெளித்தாலும் இரண்டு வாரத்தில் திரும்ப வரும். செடியடியில் எறும்புப் புற்று இருந்தால் கிளறிவிட்டு வேப்பம் புண்ணாக்கைப் போடுங்கள், சுவரைத் தொடும் கிளைகளை வெட்டுங்கள். சுருண்ட நுனிகளை ஒரு பையில் வெட்டிப் போட்டு, பையைக் கட்டி அப்புறப்படுத்துங்கள். மீதியைக் குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவி, மறுநாள் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள். ஏழு நாள் இடைவெளியில் மூன்று தடவை.

தெளிப்பதற்கு முன் உற்றுப் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. மாவுப்பூச்சியைப் போலவே வெள்ளை மெழுகு இழைகளோடு, ஆனால் அளவில் பெரிதாக, வேகமாக நகர்வது தெரிந்தால் அதைத் தொடாதீர்கள். அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழு. 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட வண்டு. வளர்ந்த வண்டு கறுப்பாக, தலைப்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும்.

இன்னொரு கதையும் சொல்ல வேண்டும். 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. சீக்கிரமே பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தமிழ்நாடு முழுக்கப் பரவியது. வீட்டுச் செம்பருத்தியையும் விட்டுவைக்கவில்லை. எவ்வளவு மருந்தடித்தும் அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து விட்டார்கள். அசெரோபேகஸ் என்ற குளவி நன்றாக நிலைத்து, மாவுப்பூச்சிக்குள்ளேயே முட்டையிட்டு அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தக் குளவி நம் தோட்டங்களிலும் இருக்கலாம். கடுமையான மருந்தடித்தால் முதலில் சாவது அதுதான்.

செம்பருத்தி மொட்டு மலர்வதற்கு முன்பே உதிர்கிறது.

ஒருநாள் வறட்சி, மறுநாள் வெள்ளம் என்று தண்ணீர் விட்டால் உதிரும். தொட்டிச் செடியில் இதுதான் அதிகம். அளவாக, ஒரே நேரத்தில் ஊற்றுங்கள். தொட்டியை இடம் மாற்றிய முதல் பத்து நாளும் உதிரும், கவலை வேண்டாம்.

இட்லிப்பூச் செடியின் இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது.

இரும்புச்சத்துக் குறை. வெட்சி என்று பழைய பெயர் கொண்ட இந்தச் செடிக்குக் கொஞ்சம் புளிப்பான மண்தான் பிடிக்கும். கேரளத்துச் செம்மண்ணில் வேலியாகவே செழித்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் ஊர்ச் சுண்ணாம்பு மண்ணும் கடின போர்த் தண்ணீரும் சேர்ந்தால் வெளுத்துவிடும். நாட்டுமருந்துக் கடையில் அன்னபேதி (இரும்புச்சத்து உள்ள உப்பு) என்று கேட்டு வாங்கி, லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளியுங்கள். மாதம் ஒரு தடவை, இலை தேறும்வரை. மல்லிக்கும் இதே மருந்துதான். சட்டையிலும் தரையிலும் பட்டால் துருக்கறை போகாது, பார்த்துச் செய்யுங்கள்.

போர்த் தண்ணீர் உப்பு. எதை வளர்ப்பது?

அரளி, காகிதப்பூ, நித்தியகல்யாணி தாங்கும். மல்லி, ரோஜா, இட்லிப்பூ வருத்தப்படும். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரைச் செடிக்குப் பிடித்து ஊற்றுவது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அதில் உப்பு இன்னும் அடர்த்தியாக இருக்கும், தயவுசெய்து தொட்டிச் செடிக்கு ஊற்றாதீர்கள். ஏ.சி. குழாயில் சொட்டும் தண்ணீர் நேர்மாறானது, கிட்டத்தட்ட மழைநீர் போல உப்பே இருக்காது. அதை ஒரு வாளியில் பிடித்து இட்லிப்பூவுக்குக் கொடுக்கிறேன். ஐப்பசி மழையில் தொட்டிகளைத் திறந்த வெளியில் வைத்தால், வருடம் முழுக்கச் சேர்ந்த உப்பு அடித்துளை வழியாகக் கழுவிப் போய்விடும்.

காகிதப்பூவுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், பூக்கவே இல்லை.

தினமும் ஊற்றுவதால்தான். போகன்வில்லா பிரேசில் பக்கத்துச் செடி, கொஞ்சம் தாகத்தோடு இருந்தால்தான் பூக்கும். இலை லேசாகத் தொய்ந்த பிறகு தண்ணீர் விடுங்கள், முழு வெயிலில் வையுங்கள். நாம் பூ என்று சொல்லும் அந்த வண்ணத்தாள் உண்மையில் நிறம் மாறிய இலை. அதன் நடுவில் வெள்ளையாக, சின்னக் குழல் போல இருப்பதுதான் பூ. குழந்தைகளுக்கு இதைக் காட்டுங்கள், அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்.

கனகாம்பரம் நன்றாக இருந்தது, திடீரென்று வாடிவிட்டது.

செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அதன் கூடவே வாடல் பூஞ்சையும் வரும். அந்தச் செடி தேறாது. அதே குழியில் மறுபடியும் கனகாம்பரம் வைக்காதீர்கள். ஒரு பருவம் அந்த இடத்தில் செண்டுமல்லி போட்டால் நூற்புழு குறையும். பிறகு வேப்பம் புண்ணாக்குப் போட்டு நடலாம். டெல்லிக் கனகாம்பரம் என்று விற்கும் வகையில் விதை பிடிக்காது, குச்சி வைத்துத்தான் பெருக்க முடியும். நாட்டு வகையின் காய்ந்த கதிரில் ஈரம் பட்டால் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும், அதிலிருந்தே புதுச் செடி முளைக்கும்.

ரோஜாவில் கீழே இருந்து வேகமாகக் கிளைகள் வருகின்றன, ஆனால் பூ இல்லை.

நர்சரி ரோஜா பெரும்பாலும் காட்டு ரோஜாவின் வேர்ச்செடிமேல் ஒட்டுக்கட்டியது. அந்த ஒட்டுக்குக் கீழே இருந்து வருவது காட்டு ரோஜாவின் கிளை. பெரும்பாலும் இலையே வேறு மாதிரி, சின்னதாக இருக்கும். அடியோடு கிள்ளிவிடுங்கள், இல்லையென்றால் ஒட்டுச்செடியை அது விழுங்கிவிடும். நடும்போதும் ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் பன்னீர் ரோஜாவைக் குச்சியில் வளருங்கள். கடை ரோஜாவில் இல்லாத மணம் அதில் இருக்கிறது.

வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. அரளி வைக்கலாமா?

வைக்காதீர்கள். செவ்வரளி, வெள்ளரளி, மஞ்சள் அரளி எல்லாவற்றிலும் இலை, பூ, விதை, பட்டை என எல்லாப் பாகமும் நஞ்சு. இதயத் துடிப்பைப் பாதிக்கும். வறட்சியைத் தாங்கும், மாடு தின்னாது என்பதால் நெடுஞ்சாலை நடுவில் வரிசையாக வைத்திருக்கிறார்கள், அங்கே அது சரி. ஏற்கெனவே வீட்டில் இருந்தால் வெட்டிய குச்சியை எரிக்காதீர்கள், புகையும் கெடுதல். குழந்தை வாயில் வைத்துவிட்டால் வீட்டு வைத்தியத்தில் நேரம் கடத்தாமல் 108-ஐ அழையுங்கள், செடியின் ஒரு இலையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

உண்ணிச்செடியையும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். நிறம் அழகுதான், வண்ணத்துப்பூச்சியும் வரும். ஆனால் பறவைகள் பழத்தைத் தின்று விதையை எங்கெங்கோ போட்டுவிடும். முதுமலைக் காட்டில் அது புதராக மண்டி, மற்ற செடிகளை எழும்ப விடாமல் கிடப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மொட்டைமாடியில் முடியுமா?

முடியும். ஈர மண் ஒரு கன அடிக்கு ஐம்பது கிலோ வரை எடை இருக்கும், அதனால் தொட்டிகளை நடு மாடியில் குவிக்காமல் கீழே சுவரோ உத்திரமோ வரும் ஓரங்களில் வையுங்கள். செம்மண்ணைக் குறைத்து, தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கூட்டினால் எடை குறையும். மல்லிக்கும் செம்பருத்திக்கும் 12 அங்குலத் தொட்டிக்குக் குறையக் கூடாது. அக்கினி நட்சத்திர நாட்களில் காலை, மாலை இரு வேளையும் தண்ணீர், மண்மேல் காய்ந்த சருகுப் போர்வை.

குச்சி வைத்தால் எது வரும், எது வராது?

பென்சில் கனத்தில், நான்கு கணு உள்ள குச்சி. அடியைச் சாய்வாக வெட்டி இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நிழலில் நடுங்கள். செம்பருத்தியும் நந்தியாவட்டையும் சுலபமாக வரும். மல்லிக்குப் பதியன்தான் நம்பகமானது: தாழ்ந்த கிளையை வளைத்து, ஒரு கணுவுக்கு அடியில் பட்டையை லேசாகச் சீவி, மண்ணுக்குள் புதைத்து மேலே ஒரு கல்லை வையுங்கள். மூன்று நான்கு மாதத்தில் வேர் விடும். பவழமல்லிக்கு விதையே போதும், மரத்தடியில் தானாக முளைத்த கன்றையும் எடுக்கலாம்.

வருடம் முழுக்க ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எனக்கும் அதே ஆசைதான். என் கொல்லையில் மாசிக் கடைசியிலிருந்து ஆடி வரை மல்லி. கோடையின் உச்சத்தில் காகிதப்பூ. ஆனியில் பிச்சி தொடங்கும். முல்லை மழையைப் பார்த்ததும் கொத்தாக வரும். கார்காலத்துக்கு உரிய பூவென்று முன்னோர்கள் அதைச் சொன்னது சும்மா இல்லை. புரட்டாசியிலிருந்து பவழமல்லி. கார்த்திகை, மார்கழியில் மல்லி விலை கடையில் ஏறும்போது வீட்டில் டிசம்பர் பூவும் காக்கரட்டானும் இருக்கும், மணம் இல்லாவிட்டாலும் சரம் நிறையும். நந்தியாவட்டை, செம்பருத்தி, இட்லிப்பூ எப்போதும் நாலு பூவாவது கொடுத்துவிடும்.

நந்தியாவட்டை இலையைப் பெரிய பச்சைப் புழு தின்கிறது. கொன்றுவிடலாமா?

விட்டுவிடுங்கள். முதுகின் முன்பக்கம் இரண்டு நீலக் கண் போன்ற புள்ளி இருந்தால் அது அரளி அந்துப்பூச்சியின் புழு. வளர்ந்தால் பச்சைப் பளிங்கு போல இறக்கை. அரளியில் இருக்கும் புழு, முதுகில் நீண்ட கொம்பு போன்ற இழைகளோடு இருந்தால், பழுப்பும் கறுப்புமான ஒரு வண்ணத்துப்பூச்சிக்கு உரியது. அதன் கூட்டுப்புழு இலைக்கு அடியில் உருக்கி ஊற்றிய வெள்ளி போலத் தொங்கும். நாலு இலை போனால் செடி மறுபடியும் துளிர்க்கும்.

பறிக்கலாமா, செடியிலேயே விடலாமா?

மல்லியைப் பறியுங்கள். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல், நன்றாக உப்பி வெளுத்த மொட்டு மட்டும். அன்று மலராத சின்ன மொட்டு இளம்பச்சையாக இருக்கும், அதை விடுங்கள். ஈரத்துணியில் வைத்தால் ஏழு மணிக்குள் வீடே மணக்கும். செம்பருத்தி ஒரு நாள் பூ, அதில் தேன்சிட்டு வந்து போகும். சாமிக்கு இரண்டு எடுத்துக்கொண்டு மற்றதைச் சிட்டுக்கு விட்டுவிடுகிறேன். பவழமல்லியைப் பறிக்கவே வேண்டாம். முதல்நாள் இரவு மரத்தடியில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவிட்டுத் தூங்குங்கள். விடிகாலை ஐந்தரைக்கு எழுந்து போனால், இன்னும் விழுந்துகொண்டிருக்கும் சத்தம் கேட்கும்.